மொட்டை மாடியில் ஒரு சர்ச்லைட்டு

இனிமேல் பீடியைத் தொடமாட்டேன் என்று என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். நெஞ்சு அடைப்புக்கு ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த மறுநாள் அது. டாக்டர் அவரிடம் சொன்னதைவிட என்னிடம்தான் அதிகம் சொன்னார். மறுபடியும் புகை உள்ளே போனால், அடுத்த தடவை இங்கே கொண்டுவந்து சேர்க்க நேரம் இருக்காதும்மா என்றார். அன்றிலிருந்து வீட்டில் காவல் வேலை என்னுடையது.

அந்த வேலைக்கு என்னைவிடத் தோதான ஆள் தண்டையார்பேட்டையில் கிடையாது. பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். ஆட்டோக்காரர் குறுக்கு வழி என்று திரும்பினால், எங்கே போகிறார் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே போவேன். எங்கள் பெண் எண்ணூரில் வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷமாகியும், போனில் அவள் குரல் லேசாக மாறினால் மாப்பிள்ளையைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். நீ போலீசில் சேர்ந்திருந்தால் இந்நேரம் ரிட்டையர் ஆகி பென்ஷன் வாங்கியிருப்பாய் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்யட்டும். சந்தேகப்பட்டதால் நான் ஏமாந்தது குறைவு.

அவர் துறைமுகத்தில் கப்பல்களுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற ஆம்பிளை வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பீடி ஞாபகம் வரும் என்று நானே பயந்துகொண்டிருந்தபோது, போன மாசியில் ஒரு காலை எங்கள் வாசலில் மீன்பாடி வண்டி ஒன்று வந்து நின்றது. அதில் துருப்பிடித்த பெரிய இரும்பு டிரம் ஒன்று கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அவருடைய தோஸ்து அனுப்பியதாம். மிலிட்டரி சர்ச்லைட்டு, யுத்த காலத்தில் கடலைப் பார்த்து நின்றது என்றார். இந்தத் தெருவில் எந்தச் சண்டைக்கு இது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே துறைமுகத்துப் பழைய கூட்டாளிகள் மூன்று பேரை வரவழைத்து, கயிறு கட்டி மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார்.

டிரம்மின் முன் கண்ணாடி எப்போதோ உடைந்து போயிருந்தது. உள்ளே இருந்த குழிக் கண்ணாடி மட்டும் முழுசாக இருந்தது. மூன்று சாப்பாட்டுத் தாம்பாளம் சேர்ந்த அகலம். பின்பக்கத்து வெள்ளிப் பூச்சு அங்கங்கே உரிந்து, முன்பக்கம் பல வருஷத்து அழுக்கு ஏறிக் கிடந்தது. அதைத் தனியாகக் கழற்றி, நிறுத்தி வைத்தால் கடல் காற்றில் விழுந்துவிடும் என்று இரண்டு பழைய லாரி டயரின் மேல் வானத்தைப் பார்க்க மல்லாக்கப் படுக்க வைத்தார். மேலே ஒரு கோணியைப் போர்த்தினார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், வெயில் சாய்ந்ததும், கிழிந்த வேட்டித் துணியும் சாக்பீஸ் தூளுமாக மாடிக்குப் போய் அதைத் துடைக்க ஆரம்பித்தார். நான் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய், கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வருவேன். கொடி அந்தக் கண்ணாடிக்கு நேர் மேலேதான் போகும்.

உட்கார்ந்தால் பாடம் ஆரம்பமாகிவிடும். மனுஷனுக்கு அந்த விளக்கின்மேல் அப்படி ஒரு பைத்தியம். ஆதியில் இதில் பல்பே கிடையாதாம். விரல் தடிமனில் இரண்டு கரிக்குச்சிகள். ஒன்றை ஒன்று முட்ட வைத்து, கரண்ட் விட்டு, கொஞ்சம் விலக்கினால் வெல்டிங் மாதிரி நடுவில் பற்றிக்கொள்ளும். கண் கூசிப் பார்க்க முடியாத வெளிச்சம். எரிய எரிய குச்சி தேயும், தேயத் தேய முன்னால் தள்ள ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்கணும். அப்புறம்தான் அந்த ஆள் வேலையை மோட்டார் செய்தது. அந்தச் சின்ன நெருப்பு சரியாக எந்தப் புள்ளியில் எரியணுமோ, அந்த ஒரே புள்ளிக்காகத்தான் கண்ணாடியின் குழிவு. கண்ணாடியிலிருந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் உள்ளே அந்தப் புள்ளி. அங்கே எரிந்தால்தான் வெளிச்சம் சிதறாமல் கம்பு போல நேராக வானத்துக்குப் போகும். அதை ஒரு கையால் காற்றில் காட்டினார். நான் அவர் கையைப் பார்க்காமல் விரல் இடுக்கில் பீடிக் கறை இருக்கிறதா என்று பார்த்தேன்.

முதலில் கப்பல்காரர்கள்தான் இதை வைத்துக்கொண்டார்களாம், இருட்டில் திருட்டுத்தனமாக வரும் சின்னப் படகுகளைப் பிடிக்க. பிறகு விமானம் வந்ததும் விளக்கை வானத்துக்குத் திருப்பினார்கள். வானம் எவ்வளவு பெரிசு, வெறும் விளக்கை வைத்துக்கொண்டு எங்கே என்று தேடுவது? அதனால் விளக்குக்கு முன்னால் காது வைத்தார்கள். கல்யாண வீட்டு ஸ்பீக்கர் குழாய் மாதிரி பெரிய பெரிய ஊதுகுழல்கள். அதில் காதை வைத்து விமானச் சத்தம் எந்தப் பக்கம் என்று ஒருவன் கேட்டுச் சொன்ன பிறகுதான் விளக்கைப் போடுவார்கள். அதற்கும் பிறகு ரேடார் வந்து அந்தக் காதுகளுக்கு வேலை இல்லாமல் செய்தது.

இன்னொன்றும் சொன்னார். விளக்குக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாதாம். அந்த வெளிச்சமே அவன் கண்ணை மறைத்துவிடும். அதனால் பார்க்கிறவன் தள்ளி இருட்டில் நின்று, இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று சொல்லணும். எனக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும் என்பது என் கட்சி.

எனக்குப் பிடித்தது வேறொன்று. கரிக்குச்சி போய் செனான் என்று ஒரு வாயு விளக்கு வந்ததாம். அதை டாங்கியின்மேல் வைத்து, முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டால் வெளிச்சம் வெளியே தெரியாது. அதற்கென்று தனி மூக்குக் கண்ணாடி போட்டவனுக்கு மட்டும் எல்லாம் தெரியும். பார்ப்பதும் தெரியாமல் பார்க்கலாம். அதில் ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறதே என்றார். எதிராளியிடமும் அதே மாதிரிக் கண்ணாடி இருந்தால் விளக்குக்காரன்தான் முதலில் அகப்படுவான், அதனால் அதையும் விட்டுவிட்டார்கள், இப்போது விளக்கே போடாமல் உடம்புச் சூட்டை வைத்தே ஆளைப் பார்க்கிறார்கள் என்று முடித்தார். நீ இன்னும் விளக்குப் போட்டுத்தான் தேடுகிறாய் என்று என்னை ஒரு இடி இடித்தார். உள்ளுக்குள் எனக்குக் குறுகுறுத்தது. எதையோ மறைக்கிற மனுஷன்தான் இப்படிப் பேசுவான்.

சித்திரை பிறந்ததும் வருஷத்துக்கு வேண்டிய மிளகாய்த் தூளுக்காக நான் மிளகாய் வாங்கிக் காயவைப்பது வழக்கம். காலையில் துணியைக் கொடியில் போட்டுவிட்டு மிளகாயைப் பரப்புவேன். எங்கள் பக்கம் பிற்பகலில் கடல் காற்று இறங்கிவிட்டால் மிளகாய் நமத்துப்போகும். அதனால் மூன்று மணிக்கெல்லாம் வாரிவிடுவேன். துணி பாட்டுக்குப் பொழுது சாயும்வரை கொடியில் கிடக்கும்.

அந்தச் சித்திரையில்தான் முதல் ஓட்டை விழுந்தது. என் சின்னாளப்பட்டிப் புடவையின் கீழ்க்கரையில் மிளகு அளவுக்கு, ஓரம் பழுப்பேறி. எண்ணூர்ப் பக்கத்து ஆலைப் புகையில் ஏதாவது பொறி வந்திருக்கும் என்று விட்டேன். அடுத்த நாள் தலையணை உறையில் ஒன்று. அதற்கடுத்து அவருடைய லுங்கியிலேயே ஒன்று. ஆலைப் பொறி எங்கள் கொடியை மட்டும் தேடி வருமா? மூக்கில் வைத்து முகர்ந்தேன். தீய்ந்த வாசனை.

கணக்கு சுலபமாக இருந்தது. மூன்று மணிக்கு நான் மிளகாயை வாரிக்கொண்டு இறங்குகிறேன். ஐந்துக்கு அவர் ஏறுகிறார். விளக்கு வைக்கும் நேரத்தில் நான் துணியை எடுக்கும்போது ஓட்டை இருக்கிறது. கொடிக்கு அடியில் உட்கார்ந்து பீடி குடித்திருக்கிறார்.

கேட்டேன். இல்லவே இல்லை என்றார். சட்டையை முகர்ந்தேன், சாக்பீஸ் வாசனைதான் வந்தது. பையைத் துழாவினேன், ஒரு தீக்குச்சிகூட இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பூந்தொட்டி மண்ணுக்குள், டிரம்முக்குள் எல்லாம் தேடினேன். ஒன்றும் அகப்படாதது என் சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. துறைமுகத்தில் சரக்கை மறைக்கிறவர்களைப் பார்த்துப் பழகியவர், இவருக்கா ஒரு துண்டு பீடியை மறைக்கத் தெரியாது?

அதோடு படி விஷயம். எங்கள் வீடு இரண்டாவது மாடி. தெருவிலிருந்து வரும்போதும், மேலே மொட்டை மாடிக்குப் போகும்போதும், நடுவில் ஜன்னல் இருக்கிற திருப்பத்தில் அவர் நிற்க ஆரம்பித்திருந்தார். காலடிச் சத்தம் ஏறிவரும், அந்தத் திருப்பத்தில் நின்றுவிடும், கொஞ்சம் கழித்துத்தான் மறுபடி கேட்கும். ஒரு நாள் சத்தம் போடாமல் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து நின்றவர், என்னைப் பார்த்ததும் சட்டைப் பைமேல் கையை வைத்து மூடினார். முகம் வெளிறிப் போயிருந்தது. மாட்டிக்கொண்டவன் முகம் என்று எனக்குத் தெரியாதா? பாய்ந்து போய்ப் பையில் கையை விட்டேன். மூக்குக் கண்ணாடி மட்டும் இருந்தது. காற்று வாங்கினேன் என்றார்.

ஓட்டைகளும் நாளுக்கு நாள் பெரிசாகிக்கொண்டே வந்தன. மிளகு அளவு போய் சுண்டைக்காய் ஆனது. பீடியிலிருந்து சிகரெட்டுக்குத் தாவிவிட்டார் என்று நினைத்தேன். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் புரண்டு படுத்தால் எழுந்து உட்காருவேன். கோபம் ஒரு பங்கு என்றால் பயம் ஒன்பது பங்கு. இந்த மனுஷன் போய்விட்டால் நான் யாரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்?

ஒரு ராத்திரி சோறு போட்டுவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் புடவையையும் தலையணை உறையையும் லுங்கியையும் வரிசையாக விரித்து வைத்தேன். உண்மையைச் சொல்லு, இல்லாவிட்டால் நாளைக் காலையில் பெண் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பமாட்டேன் என்றேன். அவர் ஓட்டைகளைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"ஆமாமே. நான்தான்" என்றார்.

எந்தக் கடை என்று கேட்டேன். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துப் பெட்டிக்கடை என்றார். எத்தனை? ஒன்றுதான், மிஞ்சினால் இரண்டு. எங்கே உட்கார்ந்து? கொடிக்கு அடியில், டயர்மேல். கேட்டதற்கெல்லாம் தட்டாமல் பதில் வந்தது. திட்ட வேண்டியதைத் திட்டினேன், அழ வேண்டியதை அழுதேன். இனி இல்லை என்று இன்னொரு தடவை என் தலையில் கை வைத்தார். படுத்ததும் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன். என் கணக்கு சரிதான் என்ற நிம்மதி அப்படி ஒரு தூக்கத்தைக் கொடுத்தது.

மறுநாள் விடிந்ததும் இரண்டு நாள் எண்ணூரில் பெண் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று பையை எடுத்தார். வெட்கப்படுகிறார், போய் வரட்டும் என்று விட்டேன். பெண்ணுக்குப் போன் போட்டு, அப்பா பாக்கெட்டின்மேல் ஒரு கண் வை என்று மட்டும் சொன்னேன். பிறகு வழக்கம்போலத் துணியைப் போட்டு, மிளகாயைப் பரப்பிவிட்டுக் கீழே வந்தேன்.

உச்சி வேளையில் வீட்டுக்குள் தீய்ந்த நெடி வந்தது. என் அடுப்பு அணைந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. படியேறி ஓடினேன். கொடியில் தொங்கிய புடவையின் கீழ்க்கரையிலிருந்து நூல் மாதிரி புகை கிளம்பிக்கொண்டிருந்தது. மாடியில் ஒரு ஈ, காக்காய் இல்லை. முதலில் எதிர்வீட்டு மாடியைத்தான் பார்த்தேன், அங்கிருந்து எவனாவது எறிந்திருப்பானோ என்று. அந்த வெயிலில் அங்கேயும் யாரும் இல்லை.

புடவையை உருவக் கையை நீட்டினேன். புறங்கையில் சுரீரென்று சுட்டது. அங்கே நெருப்பு எதுவும் இல்லை. வெறும் காற்றுதான் சுட்டது. கீழே பார்த்தேன். அவர் மாசக்கணக்கில் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிய கண்ணாடி, சித்திரை வெயில் நேர் உச்சியில் நிற்க, வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. தரையிலிருந்து ஒரு மிளகாயை எடுத்துக் காம்பைப் பிடித்து, கண்ணாடிக்கு மேலே ஒரு முழத்துக்குள் நீட்டினேன். மிளகாய் கருகிப் புகைந்தது. வெளிச்சத்தை வானத்துக்கு அனுப்பிய அதே புள்ளியில் வானத்து வெளிச்சம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

மிளகாய் நெடியில் எனக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் சேர்ந்தே இருமல் வந்தது. யாருக்குக்கா சுத்திப் போடுறே, பட்டப்பகல்ல என்று அவள் ஜன்னலிலிருந்து கேட்டாள். என் பதில் இருமலில் போய்விட்டது.

சரி, கண்ணாடிமேல் இருந்த கோணி எங்கே? மிளகாய்க்கு அடியில் இருந்தது. தினமும் காலையில் மிளகாய் பரப்ப அதை எடுத்தவள் நான். மூன்று மணிக்கு மிளகாயை வாரிவிட்டு, கோணியை உதறி மறுபடி கண்ணாடியைப் போர்த்திவிட்டு இறங்கியவளும் நான். அவர் ஐந்து மணிக்கு வரும்போது எல்லாம் ஒழுங்காக மூடியிருக்கும். கோணி என்றால் மிளகாய் காயவைக்கத்தானே, இதில் நான் என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் செய்யாத காரியத்துக்கு அந்த மனுஷன் எதற்கு ஆமாம் போட்டார்? கடை எது, எத்தனை, எங்கே உட்கார்ந்து என்று ஒன்று விடாமல் எப்படிச் சொன்னார்?

போன் போட்டு உடனே வரச் சொன்னேன். சாயங்காலம் வந்தார். வழக்கம்போலப் படித் திருப்பத்தில் காலடி நின்றது, கொஞ்சம் கழித்துத்தான் வாசலுக்கு வந்தது. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கண்ணாடி விஷயத்தைச் சொன்னேன். ஒரு எலெக்ட்ரிக்காரன் வீட்டிலேயே இப்படியா என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். வீடே பற்றியிருக்கும், வெள்ளி உரிந்த கண்ணாடியாக இருந்ததால் பிழைத்தோம் என்றார். நான் சிரிக்கவில்லை.

"அப்பறம் இன்னாத்துக்குய்யா ஆமான்னு சொன்ன?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எத்தினி நாளா நீ தூங்கவே இல்லியேமே. ஆமான்னு சொன்னா தூங்குவேன்னு தோணிச்சு. தூங்குனியே."

மன்னிப்பு எதுவும் நான் கேட்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குள் வேறொன்று எழுந்தது. நான் தூங்குவதற்காக, செய்யாததைச் செய்தேன் என்று இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்கிற ஆள், இதே காரணத்துக்காக இன்னும் என்னென்ன சொல்லியிருப்பார்? நல்லா இருக்கேன் என்று தினமும் சொல்கிறாரே, அது?

"படியில இன்னாத்துக்கு நிக்கிற?" என்று கேட்டேன்.

காற்று வாங்க என்று ஆரம்பித்தார். அவர் கை மெல்லச் சட்டைப் பைமேல் போய் உட்கார்ந்தது. அன்று ஜன்னலோரம் பார்த்த அதே கை, அதே இடம்.

"ஏறும்போது மட்டும் கொஞ்சம் புடிக்குது" என்றார். "எண்ணூர்ல படி கிடையாதுமே. அதான் அங்க போனேன்."

அந்தப் பையை நான் எத்தனை தடவை துழாவியிருப்பேன். பைக்குப் பின்னால் ஒரு நெஞ்சு இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஏறும் சத்தம், நிற்கும் சத்தம் எல்லாம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. நான் அதில் பீடியைத்தான் தேடினேன்.

புடவையை மாற்றக்கூட நிற்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டுகள் இருக்கும் பையை எடுத்துக்கொண்டு, அவரை முன்னால் விட்டு, ஒவ்வொரு படியிலும் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே பின்னால் இறங்கினேன். தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது. ராயபுரம் பாலம் ஏறும்போது, இப்போ ஒன்றும் இல்லை, வலி நின்றுவிட்டது, வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று அவர் சிரித்த முகத்தோடு சொன்னார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பவில்லை. வேகமாகப் போப்பா என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன். ஆட்டோ குறுக்கு வழியில் திரும்பியபோது, முதல் தடவையாக நான் கழுத்தை நீட்டிப் பார்க்கவில்லை.